முதலைத் தின்ற தீவு

தலைப்பைப் படித்ததும், எங்கோ ஒரு தீவில் உள்ள ஜனங்கள் ஆற்று முதலையைப் பிடித்துச் சமைத்துத் தின்கிறார்கள் போலும் என்று எண்ணி, நம் சைவ நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் சொல்ல வந்தது பல்லுள்ள முதலையைப் பற்றியன்று. "வட்டியைத் தின்னலாம், முதலைத் தின்னாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த முதலைப் பற்றியதுதான்.

எம் தம்பி ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் வாசம் செய்கிறான். மின்சாரம் உண்டாக்கும் யந்திரங்களைப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும், அவனைப் பார்க்கப் போயிருந்தோம். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், நவுருத் தீவில் ஒரு யந்திரம் படுத்துவிட்டதாகவும் உடனே புறப்பட்டு வர வேண்டும் என்றும் அவனுக்கு அழைப்பு வந்தது.

"அண்ணா, நீங்களும் வாருங்களேன். இருபது வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பூகோளத்தில் ஒரு புள்ளியையாவது நேரில் பார்க்க வேண்டாமா?" என்றான்.

புள்ளி என்று அவன் சொன்னதில் மிகை இல்லை. பசிபிக் மகா சமுத்திரத்தில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, தன்னந்தனியாகக் கிடக்கிறது அத் தீவு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். கரையோரமாகச் செல்லும் ஒரே சாலையில் காரில் புறப்பட்டால், அரை மணிக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். ஜனத்தொகை சுமார் 12,000. இருந்தாலும் அது யாருக்கும் அடிமையல்ல. உலகத்திலேயே மிகச் சிறிய குடியரசு. நீலக் கொடியின் நடுவே ஒரு மஞ்சள் கோடு. அதன் கீழே பன்னிரண்டு முனைகள் கொண்ட ஒரு வெள்ளை நட்சத்திரம். மஞ்சள் கோடு பூமத்திய ரேகை, நட்சத்திரம் தீவு, பன்னிரண்டு முனைகளும் பன்னிரண்டு குலங்கள். கொடியையே தேசப்படமாக வைத்துக்கொண்ட தேசத்தைப் பூகோள வாத்தியாருக்குப் பிடிக்காமற் போகுமா? அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பிரிஸ்பேனிலிருந்து நாலைந்து மணி நேர ஆகாயப் பிரயாணம். விமானம் இறங்கும் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. அதற்கு எதிரிலேயே பார்லிமெண்டுக் கட்டடம். தலைநகரம் என்று சட்டப்படி ஓர் ஊர் அங்கே கிடையாது. யாரென் என்ற அந்த வட்டாரத்திலேயே சர்க்கார் காரியங்கள் நடக்கின்றன.

நாம் தங்கிய ஹோட்டல் சர்க்காருக்குச் சொந்தமானது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விருந்தாய்ப் போன வீட்டுக் கூரையில் ஓட்டை எத்தனை என்று தெருவில் நின்று எண்ணிச் சொல்வது மரியாதை ஆகாது. ஆனால் ஓட்டை இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நம் கதை நகராது.

ஒரு காலத்தில் அது பிரபுக்களுக்காகக் கட்டிய மாளிகை என்பதில் சந்தேகமில்லை. கடலைப் பார்த்த அகன்ற தாழ்வாரம், கலியாணமே நடத்தலாம் போன்ற பெரிய சாப்பாட்டுக் கூடம், எல்லாம் இருந்தன. ஆனால் கடற்காற்றின் உப்பு ஜன்னல் கம்பிகளைத் தின்று மென்மையாக்கியிருந்தது. தரை விரிப்பில் கால் வைத்தால் ஈரம் உள்ளங்காலில் ஏறிற்று. நீந்திக் குளிக்கும் குளத்தில் நீருக்குப் பதிலாகத் தென்னை மட்டைகள் கிடந்தன. சாப்பாட்டுப் பட்டியலில் இருபது பதார்த்தங்கள் அச்சிட்டிருந்தார்கள். நாம் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்ட, பரிமாறும் பையன் ஒவ்வொன்றுக்கும் புன்னகையோடு தலையை ஆட்டி, கடைசியில் "சோறு இருக்கிறது" என்றான். மரக்கறி உண்பவருக்கு அதுவே பெரிய ஆறுதல். வெறுஞ் சோற்றோடு, தம்பி வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சங்காய் ஊறுகாயைச் சேர்த்துக்கொண்டு இராப் போஜனத்தை முடித்தோம்.

இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. அறைக் குளிர் யந்திரம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிற்று. விடியற்காலையில் குழாயைத் திறந்தால் அதுவும் ஒரு பெருமூச்சே விட்டது, நீர் வரவில்லை. ஸ்நானம் செய்யாமல் காப்பி குடித்துப் பழக்கமில்லாத நமக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே முன்கூடத்துக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பெரிய கணக்குப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கார் ஹோட்டல் என்கிறீர்கள். முகம் கழுவ ஒரு சொம்பு நீர் இல்லை. இப்படித்தான் ராஜ்யபாரம் நடக்கிறதா?" என்று, வகுப்பில் கடைசிப் பெஞ்சியை அதட்டும் குரலிலேயே கேட்டுவிட்டோம்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாக விளக்கினாள். தீவில் ஆறு கிடையாது. மழை பெய்தால் தொட்டியில் பிடிக்க வேண்டும். பெய்யாவிட்டால் கடல்நீரை யந்திரத்தில் விட்டு உப்பை நீக்க வேண்டும். அந்த யந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் கப்பலில் வர வேண்டும். தீவைச் சுற்றிலும் பவளப் பாறை; அப்பால் உடனே ஆழ்கடல். கப்பல் வந்து ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. காற்று மாறி அலை எழும்பினால், கப்பல் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நின்றுகொண்டே இருக்கும், சரக்கு இறங்காது.

"இப்போது யந்திரமும் படுத்துவிட்டது. அதற்காகத்தானே உங்கள் தம்பி வந்திருக்கிறார்?" என்று முடித்தாள்.

நாம் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குத் திரும்பினோம். தம்பியிடம் தமிழில் நம் புகாரைத் தொடர்ந்துகொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சப்தம் கேட்டது. திறந்தால், அந்த அம்மாளே இரண்டு கையிலும் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொன்னாள்.

"தண்ணி."

நாம் திகைத்துப் போய் நின்றதைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்கள் பேசும் பாஷையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். முகாமில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட வார்த்தை இது ஒன்றுதான்" என்றாள்.

முகாம் என்றால் எது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். படகேறிப் புகலிடம் தேடி வந்தவர்களைத் தன் கரையில் இறங்க விடாமல், 2001-ம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியா நவுருவுக்கு அனுப்பலாயிற்று. அதற்காகப் பணமும் உதவியும் கொடுத்தது. 2007-ல் அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் இலங்கைத் தமிழர் பலர் இருந்தனர். 2008-ல் மூடிய முகாம் 2012-ல் மறுபடியும் திறந்தது. முகாம் காரியமாக வரும் உத்தியோகஸ்தர்கள் தங்குவதால் ஹோட்டலுக்கும் கொஞ்சம் வரும்படி. நம் சகோதரர்கள் முள்வேலிக்குள் நின்று கேட்ட அந்த வார்த்தையை, அந்நிய தேசத்து அம்மாள் ஒருத்தி நமக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று குளித்த வாளி நீரை நாம் எளிதில் மறக்கப் போவதில்லை.

தம்பி யந்திரத்தோடு மல்லுக்கட்டப் போய்விட்டான். ஹோட்டல் வண்டியோட்டி, அறுபது வயதுப் பெரியவர், நம்மைத் தீவின் உட்புறத்தைக் காட்ட அழைத்துப் போனார். கரையோரம் தென்னையும் வீடுகளுமாகப் பசுமையாய்த்தான் இருக்கிறது. மேட்டில் ஏறியதும் காட்சி மாறிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய வரையில் சாம்பல் நிறக் கற்கூர்கள், ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும், பல் பல்லாக நிற்கின்றன. இடையில் குழிகள். மனிதன் நடக்க இடமில்லை. பயிர் செய்ய மண்ணில்லை. தீவில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கதிதான்.

அந்தக் கூர்களுக்கு நடுவே ஒரு காலத்தில் நிரம்பிக் கிடந்ததுதான் நவுருவின் முதல்: பாஸ்பேட் என்னும் உர மண். அது அகப்பட்ட கதை வேடிக்கையானது. சிட்னி நகரத்தில் ஒரு கம்பெனிக் காரியாலயத்தில், கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக் கொடுக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். நவுருவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல். கல்லாய்ச் சமைந்த மரம் என்று நினைத்திருந்தார்கள். 1900-ம் ஆண்டு வாக்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதன்மேல் சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்தார். முதல்தரமான பாஸ்பேட்! அப்போது தீவு ஜெர்மானியர் வசம் இருந்தது. பேரம் பேசி, 1907-ல் கம்பெனியின் கப்பல்கள் மண்ணை ஏற்றத் தொடங்கின.

வண்டியோட்டி ஒரு கற்கூரின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்கள் உபாத்தியாயர் அல்லவா? ஒரு கணக்குப் போடுங்கள். ஆரம்பத்தில் நிலத்துக்காரனுக்கு ஒரு டன்னுக்கு அரைப் பென்னி கொடுத்தார்கள். ஒரு பவுன் கிடைக்க எத்தனை டன் கொடுக்க வேண்டும்?"

பவுனுக்கு 20 ஷில்லிங்; ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்; ஆக 240 பென்ஸ். அரைப் பென்னி வீதம் 480 டன். மனக்கணக்காகச் சொன்னோம். சொல்லும்போதே நா கூசிற்று.

"இது என் பாட்டனார் நிலம்" என்றார் அவர்.

முதல் மகா யுத்தத்தில் ஜெர்மனி தோற்ற பிறகு, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூஜிலாந்து ஆகிய மூன்று சர்க்கார்களும் சேர்ந்து கம்பெனியின் உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டன. தீவை நன்கு பராமரிக்கும் பொறுப்பைச் சர்வதேச சங்கம் அவர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் நன்கு பராமரித்தது தங்கள் குடியானவர்களை. மண்ணை உலக மார்க்கெட்டு விலைக்குக் குறைவாக வாங்கித் தங்கள் வயல்களில் கொட்டினார்கள். அந்த வயல்கள் விளைந்தன. மேய்ச்சல் நிலங்கள் தழைத்தன. நவுரு குழியாயிற்று.

இரண்டாவது யுத்தத்தில் ஜப்பானியர் வந்தனர். சுமார் 1,200 நவுருவரைக் கப்பலில் ஏற்றி, வெகு தூரத்திலுள்ள ட்ரூக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோயினர். பசியும் நோயும் குண்டும் போக, 1946-ம் ஆண்டு ஜனவரி 31-ம் தேதி பிறந்த மண்ணில் திரும்பக் கால் வைத்தவர்கள் 737 பேர். அவர்களில் ஒரு சிறுமி வண்டியோட்டியின் தாயார். தங்கள் ஜனத்தொகை 1,500-ஐ எட்டினால்தான் ஒரு ஜாதியாகப் பிழைக்க முடியும் என்று ஓர் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. 1932-ல் ஒரு முறை எட்டி, அந்த நாளை "அங்காம்" என்று கொண்டாடினார்கள். யுத்தத்தில் அந்த எண்ணிக்கை சரிந்தது. 1949-ல் மறுபடியும் எட்டினார்கள். குழந்தை பிறந்ததற்காக ஒரு தேசமே திருவிழா எடுக்கும் வழக்கம் வேறெங்கும் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை.

1964-ல் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொல்லிற்று. மண் தீர்ந்தால் தீவு உதவாது. ஆகவே எல்லோரும் குவீன்ஸ்லாந்துக் கரையிலுள்ள கர்டிஸ் தீவுக்கு வந்து குடியேறலாம் என்று. தங்கள் தனித்தன்மை கரைந்துபோகும் என்று நவுருவர் மறுத்துவிட்டார்கள். ஹாமர் டிரோபர்ட் என்பவர் தலைமையில் சுதந்திரம் கேட்டு, 1968-ம் ஆண்டு, ட்ரூக்கிலிருந்து திரும்பிய அதே ஜனவரி 31-ம் தேதி அடைந்தார்கள். 1970-ல் பாஸ்பேட் தொழிலும் அவர்கள் கைக்கு வந்தது.

அதன் பிறகுதான் ஐசுவரியம் கொட்டிற்று. வரி இல்லை, வைத்தியம் இலவசம், படிப்பு இலவசம். பல ஜெட் விமானங்களை வாங்கினார்கள். மெல்போர்ன் நகரத்தில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, 1977-ல் திறந்தார்கள். 1993-ல் லண்டனில் லியோனார்டோ டா வின்சியைப் பற்றிய சங்கீத நாடகம் ஒன்றுக்குப் பணம் போட்டார்கள். அது சில வாரங்களிலேயே படுத்துவிட்டது. மண் தீரத் தீரக் கடன் ஏறிற்று. 2004-ல் 52 மாடியும் விலைக்குப் போயிற்று. 2005 டிசம்பரில் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

"நன்றாகத்தான் செலவழித்திருக்கிறீர்கள்!" என்று நம் வாயிலிருந்து வந்துவிட்டது.

பெரியவர் மறுக்கவில்லை. "ஆமாம், ஊதாரிகள்தான். பிற்காலத்துக்கென்று தர்ம நிதி வைத்தோம். அதையும் காப்பாற்றத் தெரியவில்லை. எங்கள் தலைவர்கள் தவறினார்கள். எங்களை ஏமாற்ற வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கையில் பணம் வந்தபோது எனக்கு வாலிப வயது. பணத்தை எப்படி ஆள்வது என்று எங்களுக்கு யார் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்? அறுபது வருஷமாக எங்கள் வீட்டுக் கணக்கைத் தாங்களே எழுதி, தாங்களே மூடி வைத்துக்கொண்டவர்கள் அல்லவா?"

நமக்குப் பதில் தோன்றவில்லை. முதலைத் தின்ற ஊதாரிப் பிள்ளையைப் பற்றி நாமெல்லோரும் பேசுகிறோம். அவன் மைனராக இருந்தபோது சொத்தைப் பராமரித்த கார்டியன் எவ்வளவு தின்றான் என்று கேட்பதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. வெட்டிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு சுதந்திரத்துக்கு முன்பே வெட்டப்பட்டது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க நவுரு ஒரு கமிஷனை நியமித்தது. அதற்குத் தலைமை வகித்தவர் இலங்கையைச் சேர்ந்த சட்ட நிபுணர் வீரமந்திரி. 1989-ல் நவுரு, உலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாவின்மேல் வழக்குத் தொடுத்தது. எட்டுச் சதுர மைல் தேசம் ஒரு கண்டத்தின்மேல் தொடுத்த வழக்கு! 1993-ல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் வந்தது, மண் வரவில்லை.

மண்ணுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். சமுத்திர மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் குடியிருப்பதோ தாழ்ந்த கரையோரத்தில். இனி அவர்கள் ஏற வேண்டியது, கூர் கூராக நிற்கும் அந்த மேட்டில்தான். அதைச் சமன்செய்து வீடு கட்டப் பணம் வேண்டுமென்று, ஆளுக்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு அந்நியருக்குத் தன் குடியுரிமையை விற்க 2024-ல் ஒரு திட்டம் போட்டிருக்கிறது நவுரு. விற்க இன்னும் மீதி இருப்பது பெயர் ஒன்றுதானே! எனினும் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள். 2015-ல் பிற தேசங்களோடு சேர்ந்து ஒரு புதிய நிதியைத் தொடங்கி, பேரப்பிள்ளைகளுக்காக வளர வேண்டிய அந்த முதலில் பல ஆண்டுகளுக்குக் கை வைப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். பாட்டிமார் புத்திமதியை நவுரு வெகு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மூன்றாம் நாள் தம்பி யந்திரத்தை ஓட்டிவிட்டான். ஹோட்டலில் விளக்கு எரிந்ததும் சமையற்கட்டிலிருந்து கைதட்டும் ஓசை கேட்டது. குழாயில் முதலில் செந்நிறமாகவும் பிறகு தெளிவாகவும் நீர் வந்தது. அடுத்த விமானம் வரும் வரையில் மேலும் இரண்டு நாள் தங்கினோம். தரை விரிப்பு ஈரமாகவே இருந்தது. என்ன காரணமோ, அது நம் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் கையால் எழுதிய பில்லைக் கொடுத்தாள். ஐந்து இரவு தங்கினோம்; நாலு இரவுக்கே தொகை போட்டிருந்தது. கணக்கில் தவறு கண்டால் சும்மா இருக்க உபாத்தியாயருக்கு முடியுமா? சுட்டிக்காட்டினோம்.

"தவறல்ல. முதல் இரவு உங்களுக்குத் தண்ணீர் இல்லை. கொடுக்காததற்கு நாங்கள் எப்படிக் காசு வாங்குவது?" என்றாள்.

வண்டியில் ஏறி விமான நிலையத்தை நோக்கிப் போகையில் அந்தப் பில்லைப் பிரித்து மறுபடியும் பார்த்தோம். கட்டடம் பழுதாகிவிட்ட அந்தச் சர்க்கார் ஹோட்டலில் கணக்குப் புத்தகம் பழுதாகவில்லை. சுமார் ஐம்பது வருஷம் அத் தீவைப் பராமரித்த மூன்று பெரிய சர்க்கார்களும் அந்த அம்மாளிடம் ஒரு மாதம் குமாஸ்தா வேலை பார்த்திருந்தால், நவுருவின் குழந்தைகள் ஓடி விளையாடக் கொஞ்சம் மண் மிஞ்சியிருக்கும்.